காந்தம் இழுத்த செம்பு

அத்தியாயம் 5

முதல் கல் மாப்பிள்ளையின் முதுகில் விழுந்தது. அடுத்த கல் இன்ஸ்பெக்டரின் காதை உரசிக்கொண்டு போய்க் கிணற்றுக் குழாயில் மோதித் தெறித்தது.

"மாமா, அடுத்த கல்லு யாருக்குன்னு முன்கூட்டியே பேசி முடிச்சுக்கலாமா?" தரையோடு தரையாகப் படுத்திருந்த மாப்பிள்ளை கேட்டான்.

"நீங்க படுத்திருக்கீங்க, நான் நிக்கறேன். எனக்குத்தான். கயிறை விடுங்க மாப்பிள்ளை."

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் எந்தக் கல்லுக்கும் குனிந்தவர் அல்லர். கைத்தடியை ஊன்றி நின்றாலும் முதுகு வளையாது. தம் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் என்பதால் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதையும் குறையாது. சேற்றில் புரளச் சொன்னாலும் 'புரளுங்க' என்றுதான் சொல்வார்.

முள்வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கல்லும் கையுமாக நின்றார்கள். முன்னால் நின்றவள் போர்வெல்காரரின் மனைவி.

"என் வீட்டுக்காரரைக் கட்டி இழுத்துட்டுப் போயிட்டு, இப்ப கிணத்துல என்னடா தேடறீங்க? எங்களுக்குக் குழி பார்க்கறீங்களா?"

"அவரை உயிரோட வெளியே கொண்டுவரத்தான் இந்தக் கயிறும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கல்லை வீணாக்காதீங்க. கொஞ்ச நேரத்துல தேவைப்படும்."

அவள் ஓங்கிய கையை இறக்கவில்லை. ஆனால் எறியவுமில்லை.

நடந்தது இதுதான். முந்தைய இரவு, செம்புச் சுரங்க முதலாளியின் மருமகன் பம்ப் அறையில் மண்டை பிளந்து கிடந்தார். இரண்டே அடி. இரண்டாவது அடியில் நெற்றி எலும்பு உள்ளே போயிருந்தது. விடிந்ததும் பூட்டை உடைத்து உடலைக் கண்ட முதலாளியின் மகன் சின்னவர், ஆட்களோடு வேலியைத் தாண்டிப் போய்ப் போர்வெல்காரரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். சுரங்கத்தால் ஊர்த் தண்ணீர் கெடுகிறது என்று கத்திக்கொண்டிருந்தவர் போர்வெல்காரர். அவருடைய பெரிய ரெஞ்சும் காணாமல் போயிருந்தது. சின்னவருக்கு அது போதுமானதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் கொலையை ஒப்புக்கொள்ளாவிட்டால் அமிலத் தொட்டியில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். போலீஸ் வரவேண்டிய ஒரே சாலையில் அவருடைய லாரி குறுக்கே 'பழுதாகி' நின்றது.

இன்ஸ்பெக்டரை வரவழைத்தவள் முதலாளியின் மகள். நேற்றுவரை சுமங்கலியாக இருந்தவள். "என் வீட்டுக்காரர் தண்ணி கெட்டுப்போச்சுன்னு அப்பாகிட்ட சொல்லப் போறேன்னு கிளம்பினாருங்க. பம்ப் அறையைத் தாண்டலை. அந்தப் போர்வெல்காரர் இதைப் பண்ணலை. என் புருஷன் சாவுக்கு இன்னொரு பொண்ணோட தாலி போகக் கூடாது," என்று சொல்லி, ரத்தம் உறைந்த ஒரு சாவியை அவர் கையில் வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை கயிற்றை இறக்கினான். நுனியில் உள்ளங்கை அகலக் காந்தம் தொங்கியது.

"இத்தனை கிணறு இருக்கையில, தண்ணி சோதிக்க வேலியோரம் போட்ட இந்த எல்லைக் கிணறு மட்டும் ஏன் மாமா?"

"மூடியைப் பார்த்தீங்களா? மரை தப்பி ஏறி நிக்குது. கையாலதான் முடுக்கியிருக்கான். தினமும் இதைத் திறந்து மூடறவன் இப்படி மூடமாட்டான். திறக்கறதுக்கு ரெஞ்ச் வேணும். திறந்தவன்கிட்ட மூடறப்போ ரெஞ்ச் இல்லை."

"ஏன்னா அது உள்ளே போயிடுச்சு."

"மாமனார் வீட்டுச் சாப்பாடு மூளைக்கும் போகுது. இழுங்க."

கயிறு கனத்தது. மேலே வந்ததைப் பார்த்து மாப்பிள்ளை சேற்றை மறந்து எழுந்து உட்கார்ந்தான். முழங்கை நீள ரெஞ்ச். கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட். ஆனால் வாயும் பற்களும், பெயின்ட் உரிந்த இடங்களும் புதுச் செம்புபோல் பளபளத்தன. பற்களுக்கிடையில் சில முடிகள் சிக்கியிருந்தன.

"செம்பு காந்தத்துல ஒட்டாதுன்னு அடி வாங்கிப் படிச்சவன் மாமா நான். அந்த அடியெல்லாம் வீணா?"

"வீணில்லை. உள்ளே இரும்பு. மேலே மட்டும்தான் செம்பு. செம்பு கரைஞ்ச தண்ணியில இரும்பைப் போட்டா, கரைஞ்ச செம்பு இரும்பு மேல வந்து ஒட்டிக்கும். அந்தக் கிணத்துத் தண்ணியையும் ஒரு பாட்டில் எடுத்துக்குங்க. உங்க வாயில மட்டும் படாம பார்த்துக்குங்க."

பாட்டில் நிரம்பும்போது கடப்பாரைகளோடு இருவர் வந்தார்கள். சின்னவரின் ஆட்கள்.

"அதைக் கீழே போட்டுட்டுப் போங்க பெரியவரே. வயசுக்கு மரியாதை கொடுத்துச் சொல்றோம்."

"மரியாதை கொடுக்கறவன் முதல்ல கடப்பாரையைக் கீழே போடுவான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

முன்னால் வந்தவன் கடப்பாரையை ஓங்கினான். இன்ஸ்பெக்டர் பின்வாங்காமல் ஒரு அடி முன்னால் வைத்தார். கைத்தடி அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடையும் ஓசை வேலிக்கு அப்பால்வரை கேட்டது. மற்றவன் மாப்பிள்ளையின் விலாவில் குத்தினான். மாப்பிள்ளை சுருண்டபடியே காந்தத்தைச் சுழற்றி வீசினான். குறி அவன் தலை. காந்தம் போய் ஒட்டிக்கொண்டதோ கடப்பாரையில். இரண்டு பேரும் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு வண்டிமாடுபோல இழுத்தார்கள்.

"விடுடா, அது வாடகைக் காந்தம்," என்று மாப்பிள்ளை மூச்சு வாங்கினான்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கல் வந்தது. அது நேராக அடியாளின் புருவத்தைப் பிளந்தது. அவன் ரத்தம் கண்ணை மறைக்க அப்படியே மண்டியிட்டான்.

"அந்தத் தொட்டிக் கொட்டகைக்குப் போங்கய்யா," என்றாள் போர்வெல்காரரின் மனைவி. அவள் கையில் அடுத்த கல் தயாராக இருந்தது. "பொழுது இறங்குது."

இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சுரங்கம் என்றுதான் பெயர். குழியும் இல்லை, மலைபோல் குவிந்த மண்ணும் இல்லை. வெட்டவெளியில் குழாய்கள் மட்டும் நட்டு வைத்ததுபோல் நின்றன.

"காலையில முதலாளி பெருமையா சொன்னாரே மாமா, தோண்டறதில்லை, உடைக்கறதில்லை, தூசி இல்லைன்னு. அப்புறம் செம்பு எப்படி வருது, கூப்பிட்டா வருதா?"

"ஒரு குழாய் வழியா லேசான அமிலத்தை உள்ளே விடுவாங்க. அது பாறையில இருக்கற செம்பைக் கரைக்கும். பக்கத்துக் குழாய் வழியா இழுத்துக்குவாங்க. மண்ணை அள்ளற செலவு மிச்சம். நல்ல முறைதான், ஒரு நிபந்தனையோட. உள்ளே விடறதைவிட வெளியே இழுக்கறது கூடவே இருக்கணும். அப்பத்தான் சுத்தியிருக்கற ஊத்துத் தண்ணி உள்ளே வரும், அமிலம் வெளியே போகாது."

"கூடுதலா இழுத்த தண்ணியை?"

"சுத்தம் பண்ணித்தான் விடணும். கரண்ட், சுண்ணாம்பு, ஆள். மிச்சம் பிடிச்சதுல பாதி அங்கேதான் போகும். இந்தத் தொழில்ல லாபமும் பாதுகாப்பும் ஒரே பம்புலதான் ஓடுது. செம்பு விலை இறங்கினா ஒருத்தன் கை அந்தப் பம்புக்குத்தான் போகும்."

"சின்னவர் கை."

இன்ஸ்பெக்டர் நடையை எட்டிப் போட்டார்.

தொட்டிக் கொட்டகைக்குள் புளித்த நெடி மூக்கை அறுத்தது. நீலப்பச்சைத் திரவம் தளும்பும் பெரிய தொட்டி. அதற்கு நேர் மேலே உத்தரத்துக் கப்பியில் கை கட்டப்பட்டுத் தொங்கினார் போர்வெல்காரர். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. முன்பற்கள் இல்லை. முழங்கால்வரை திரவத்தில் இருந்தார். காலில் இருந்த வெட்டுக்காயங்கள் எரிந்ததில் அவர் உடம்பு துடித்தபடியே இருந்தது.

கயிற்றின் மறுமுனை சின்னவரின் கையில். ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். முதலாளி நாற்காலியில், வெள்ளைச் சட்டை கசங்காமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க இன்ஸ்பெக்டர். இவன் ஒத்துக்கறப்போ போன்ல படம் எடுக்க ஒரு பெரிய மனுஷன் வேணும்னு பார்த்தேன்," என்றார் சின்னவர்.

"என் போன்ல சார்ஜ் இல்லை," என்றான் மாப்பிள்ளை. "ரத்தம் வடியறதைப் பார்த்தா இவருக்கும் இல்லைபோல."

இன்ஸ்பெக்டர் ரெஞ்சைக் கவிழ்த்திருந்த டிரம்மின் மேல் வைத்தார். ஆட்களிடையே முணுமுணுப்பு எழுந்தது.

"என்னுதுதாங்க," தொட்டியின் மேலிருந்து போர்வெல்காரரின் குரல் குழறி வந்தது. "செத்துப்போன தம்பிதான் கேட்டு வாங்கினார். கிணத்து மூடி இறுகிக் கிடக்குன்னு."

"கேட்டுக்கிட்டீங்களா? ஒத்துக்கிட்டான்." சின்னவர் கயிற்றைத் தளர்த்தினார். போர்வெல்காரர் இடுப்புவரை இறங்கி அலறினார்.

"கயிறைப் பிடிங்க," என்றார் இன்ஸ்பெக்டர். குரல் உயரவில்லை. ஆனாலும் கயிறு நின்றது. "கொலை பண்ணினவன் பம்ப் அறையை வெளியிலிருந்து பூட்டிட்டுப் போயிருக்கான். காலையில பூட்டை உடைச்சுத்தான் உள்ளே போனீங்க. சாவி அப்பா, பையன், மருமகன்னு உங்க மூணு பேர்கிட்டதான். செத்தவரோட சாவியை இவன் எடுத்துக்கிட்டான்னு சொன்னீங்க."

"ஆமா."

"என் புருஷன் சாவி அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு," என்றாள் மகள். "ரத்தத்துல துணியோட ஒட்டிக்கிடந்ததை நான்தான் பிய்ச்சு எடுத்தேன்."

சின்னவர் இடது கையால் அவள் கன்னத்தில் அறைந்தார். அவள் தூணில் மோதி, உதடு கிழிந்து, ஆனால் விழாமல் நின்றாள்.

"மிச்சம் யார்னு பார்த்துக்குங்கண்ணே," என்றாள்.

ஆட்கள் அத்தனை பேரும் சின்னவரைப் பார்த்தார்கள். முதலாளி எழுந்தார்.

"வீட்டுப் பொண்ணு மேல கை வைக்காதே," என்று மகனிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "என் குடும்பத்துல கொலைகாரன் இல்லை. எங்க அப்பா குழி வெட்டிப் பத்துப் பேரைப் புதைச்சு செம்பு எடுத்தார். நான் ஒரு உயிர் போகாம எடுக்கறேன். எங்களுக்குன்னு ஒரு பேர் இருக்கு. ரெஞ்சுல செம்பு ஏறியிருக்குன்னா இந்தத் தொட்டியில விழுந்திருக்கும். எவனோ எடுத்து வச்சிருக்கான்."

"எல்லைக் கிணத்துலதாங்க கிடைச்சுது."

"அந்தத் தண்ணி சுத்தம். காலையில உங்க முன்னாலதானே குடிச்சேன்?"

"குடிச்சீங்க. உங்க பையன் கொண்டுவந்து வச்ச பாட்டில்ல இருந்து." இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையிடமிருந்து பாட்டிலை வாங்கி, குடிநீர்ப் பானை மேலிருந்த டம்ளரில் ஊற்றினார். "இது இப்ப இறைச்சது. நீங்க சொல்றது உண்மைன்னா இதையும் குடிங்க. நான் மன்னிப்புக் கேட்டுட்டு வந்த வழியே போயிடறேன்."

முதலாளி டம்ளரை வாங்கினார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தலையை நிமிர்த்தி உதட்டருகே கொண்டுபோனார்.

"அப்பா, வேண்டாம்."

சின்னவர் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டார். பாய்ந்தபோது கயிறு கையை விட்டுப் போயிற்று. போர்வெல்காரர் கல்லைப்போல் தொட்டிக்குள் விழுந்தார். நீலப்பச்சைத் திரவம் அவர் தலைமேல் மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை யோசிக்கவில்லை. விளிம்பைத் தாண்டிக் குதித்தான். தொட்டிக்குள் அலை புரண்டது. பிறகு அவன் தலை வந்தது. அதன் பக்கத்தில் அவன் தூக்கிப் பிடித்த இன்னொரு தலை, இருமிக்கொண்டு.

"மாமா, விளக்கத்தைச் சுருக்கமா முடிங்க. கண்ணு எரியுது. இன்னும் கொஞ்ச நேரம் போனா உங்க பொண்ணு என்னைச் செம்பு விலைக்கு எடைக்குப் போடலாம்."

இரண்டு ஆட்கள் தாமாகவே ஓடிப்போய் அவர்களைத் தூக்கினார்கள். சின்னவர் தடுக்கவில்லை. அவர் தம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி கெட்டதுன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் இன்ஸ்பெக்டர் அவரிடம்.

"நான் கொல்லலை."

"கொல்லலைதான்."

மகள் கிழிந்த உதட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்தக் கிணத்துல இரும்பைப் போட்டா செம்பாகி வரும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவன் கொலை பண்ணின ரெஞ்சை அங்கே போடமாட்டான். ஊரையே கூப்பிட்டுக் காட்டற மாதிரி ஆயிடுமே. அங்கே போட்டவன் அந்தத் தண்ணி சுத்தம்னு நம்பினவன். சாவி வச்சிருந்தவன். கிணத்து மூடியைத் தன் கையால மூடிப் பழக்கமில்லாதவன்." இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். "தயங்காம குடிக்கப் போனவர் நீங்க."

முதலாளி மறுப்பார் என்று ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார்.

"பம்பைக் குறைச்சியா?"

"விலை விழுந்துடுச்சுப்பா. கூடுதலா இழுக்கற தண்ணியைச் சுத்தம் பண்றதுக்கே வர்றதெல்லாம் போகுது. மூடிடலாம்னு சொன்னா நீங்க விடுவீங்களா? குடும்பப் பேர், குடும்பப் பேர்னு..."

"குறைச்சியா?"

"குறைச்சேன். சோதனைக்கு மச்சானுக்குப் பதிலா நானே பாட்டில் நிரப்பினேன். நம்ம வீட்டுக் குழாயில."

முதலாளி டிரம்மின் அருகே போய் நின்றார். ரெஞ்சைத் தொட்டார். செம்பு அவர் விரலில் லேசாக உரிந்து வந்தது. கீழே கறுத்த இரும்பு தெரிந்தது.

"நேத்து அவன் இதைத்தான் சொன்னான்," என்றார். "தண்ணி கெட்டுடுச்சு மாமா, உங்க பையன் பொய் சொல்றான், நாளைக்கு நானே ஊர்க்காரங்ககிட்ட சொல்லிடறேன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் விலை போயிட்டான்னு நினைச்சேன். என் வீட்டு மாப்பிள்ளையே என் மகனைத் திருடன்னு சந்தியில நிறுத்தறதா? முதல் அடி கோபத்துல விழுந்தது. அப்பவும் 'பொய் சொல்லலை மாமா'ன்னுதான் சொன்னான். ரெண்டாவது அடிக்கு அவன் கையைக்கூடத் தூக்கலை. மாமனாரைத் தடுக்கக் கூடாதுன்னு நினைச்சிருப்பான்."

இதைச் சொல்லி முடித்ததும் ரெஞ்சை எடுத்தார். யாரும் நெருங்குவதற்குள் மகனின் வலது தோளில் இறக்கினார். சின்னவர் அலறிக்கொண்டு விழுந்தார். கை முறிந்து, திசை மாறித் தொங்கியது. ரெஞ்ச் மறுபடி உயர்ந்தது. இந்த முறை தலைக்கு.

கைத்தடி குறுக்கே வந்தது. இரும்பு மரத்தில் மோதித் தடியைப் பிளந்தது. இன்ஸ்பெக்டர் விலகவில்லை.

"ஒரு வீட்டுக்கு ஒரு கொலை போதும்," என்றார்.

ரெஞ்ச் தரையில் விழுந்தது. முதலாளி இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டினார். நீட்டும்போதும் முதுகு நிமிர்ந்தேதான் இருந்தது. அதைப் பார்க்க இன்ஸ்பெக்டருக்கு முதல்முறையாக அருவருப்பாக இருந்தது.

"நடங்க," என்று மட்டும் சொன்னார்.

முதலாளி கொட்டகை வாசல்வரை நடந்தார். அங்கே நின்று திரும்பினார். மகள் போர்வெல்காரரின் கட்டை அவிழ்த்து, அவருடைய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுபக்கம் மாப்பிள்ளை தாங்கிக்கொண்டான். மூவரிடமிருந்தும் நீலத் தண்ணீர் சொட்டியது. போர்வெல்காரரின் கால்கள் தரையில் இழுபட்டன. ஆனால் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"அம்மாடி," என்றார் முதலாளி. "நான் நம்ம குடும்பத்துக்காக..."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் அறைந்த அவள் கன்னம் சிவந்திருந்தது. கண்ணில் நீர் இல்லை.

"வழி விடுங்க, முதலாளி," என்றாள். "இவரை அவர் வீட்டம்மாகிட்ட ஒப்படைக்கணும்."

முதலாளி சுவரோரம் ஒதுங்கினார்.